அஞ்சலிப் படங்களில் முகம் ஏன் கலங்குகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கண்ணீர் அஞ்சலி, நினைவு நாள் விளம்பரங்களைப் பற்றி இந்தக் கடிதம். ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும் விளம்பரங்களில் ஒரு முகம் பளிச்சென்று இருக்கிறது. பக்கத்து விளம்பரத்தில் கண் எது, புருவம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒரே பிளேட்டில் (அச்சுத் தகட்டில்), ஒரே மையில், ஒரே வேகத்தில் ஓடியவை. அப்படியிருக்க ஒரு முகம் மட்டும் கலங்கியிருந்தால் மெஷின் மீது பழி போட இடமில்லை. பிளேட் போடுவதற்கு முன்பே அந்தப் படம் கெட்டுப்போயிருக்கிறது.

பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை ஊருக்குக் காட்டவே பணம் கட்டி விளம்பரம் கொடுக்கிறார்கள். அந்த முகம் அடையாளம் தெரியாமல் போவதைச் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ள எங்களால் முடியவில்லை. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர் என்று எல்லாவற்றிலும் இதே பாடுதான். வாடிக்கையாளர் பிரஸ்ஸைத் திட்டுகிறார். பிரஸ், கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. சென்டரைக் கைகாட்டுகிறது. டி.டி.பி.காரர் "ஸ்கிரீன்ல நல்லாத்தானே இருந்துச்சு" என்கிறார். பத்து நிமிடம் ஒதுக்கினால் படம் எந்தக் கையில் கெட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். தங்கள் வாசகர்களுக்கும் விளம்பரப் பிரிவினருக்கும் பயன்படும் என்பதால் நாங்கள் பார்க்கும் முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ஒரு பூதக்கண்ணாடி வேண்டும். பிரஸ்ஸில் லூப் என்போம். பத்து மடங்கு பெருக்குவது போதும். அச்சான முகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நல்ல படத்திலும் புள்ளிகள்தான் தெரியும். ஆனால் இமையின் வளைவை ஒட்டி அவை பெரிதும் சிறிதுமாக மாறிக்கொண்டே போகும். கெட்ட படத்தில் ஒரே அளவுப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாகச் சதுரம் கட்டி நிற்கும். ஒரு சதுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே படிக்கட்டு போல் வெட்டு விழும். அப்படியென்றால் படத்தில் பிக்சல், அதாவது படத்தை ஆக்கும் நுண்கட்டங்கள், போதவில்லை. சதுரம் இல்லாமல் விளிம்பின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் தெரிந்தால் ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, விலகியிருக்கிறது. அதை மெஷினில்தான் பார்க்க வேண்டும். புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கன்னம் முழுக்கக் கறுத்திருந்தால், படத்தின் டோனை (வெளிச்சம், இருட்டின் அளவை) அந்தத் தாளுக்கு ஏற்றபடி யாரும் திருத்தவில்லை. கலர் பிரிண்டரில் எடுத்த தாளில் குறுக்கே வரி வரியாக வெள்ளை விழுந்தால் மை தெளிக்கும் ஹெட் அடைத்திருக்கிறது. இவற்றில் நாங்கள் மிக அதிகமாகப் பார்ப்பது அந்தச் சதுரங்களைத்தான்.

செய்தித்தாளில் படங்கள் பெரும்பாலும் அங்குலத்துக்கு 85 முதல் 100 வரி ஸ்கிரீனில், அதாவது அத்தனை புள்ளி வரிசைகளாக, அச்சாகின்றன. மேப்லித்தோ எனும் வெள்ளைத் தாளில் 133, வழவழப்பான ஆர்ட் பேப்பரில் 150 முதல் 175. அச்சாகும் அளவில் கணக்குப் பார்த்தால், ஸ்கிரீன் வரியைப் போல் ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு பிக்சல் அங்குலத்துக்கு இருக்க வேண்டும். செய்தித்தாளுக்கு 150 முதல் 200, ஆர்ட் பேப்பருக்கு 300 என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஏற்றினால் ஃபைல்தான் கனக்கும், கண்ணுக்கு ஒன்றும் கூடுதலாகத் தெரியாது.

அஞ்சலி விளம்பரத்தில் முகம் 3.5 செ.மீ. அகலத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 1.38 அங்குலம். 200ஆல் பெருக்கினால் 276 பிக்சல். தேவை அவ்வளவுதான். சாதாரணக் கைப்பேசியே இன்று 4000க்கு 3000 பிக்சலில் படம் எடுக்கிறது. பிறகு எங்கே பற்றாக்குறை வருகிறது? வயதானவர்களுக்குத் தனிப்படம் இருப்பதில்லை. கல்யாண வீட்டுக் குழுப்படத்திலிருந்து முகத்தை வெட்டி எடுக்கிறார்கள். பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்கும் படம். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடுகிறது. பன்னிரண்டால் வகுத்தால் ஆளுக்கு 133. அதில் முகத்துக்கு 75 தேறினால் உண்டு. 75 பிக்சலை 1.38 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 54தான். லூப்பில் தெரிந்த சதுரங்கள் இவைதான். அதே படத்தைச் சுருக்காமல் 4000 பிக்சலோடு வாங்கியிருந்தால் முகத்துக்கு 187 பிக்சல் கிடைத்திருக்கும், அங்குலத்துக்கு 135. கொஞ்சம் குறைவுதான் என்றாலும் நியூஸ்பிரிண்டில் கண்ணும் மூக்கும் நெற்றித் திருநீறும் தெளிவாகவே தெரியும். ஒரே படம், ஒரே முகம். அனுப்பிய வழி மட்டும்தான் வேறு.

சுருங்காமல் அனுப்ப வேண்டுமானால் வாட்ஸ்அப்பில் பேப்பர் கிளிப் குறியை அழுத்தி, கேலரிக்குப் போகாமல் 'டாக்குமென்ட்' வழியாகப் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2023இல் வந்த எச்.டி. தேர்வு வழக்கமான வழியைவிட மேல். ஆனால் அதுவும் படத்தை அப்படியே அனுப்புவதில்லை. மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்பினாலும் சரி, பென் டிரைவில் கொடுத்தாலும் சரி. ஸ்டேட்டஸில் வைத்த படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் மோசம்: ஏற்கெனவே சுருங்கிய படம் கைப்பேசித் திரையின் அளவுக்கு மறுபடியும் வெட்டுப்படுகிறது. படத்தை வாங்கும் இடத்தில் இருப்பவர் ஃபைலின் அளவைப் பார்த்தாலே போதும். கேமரா படம் 3, 4 எம்.பி. இருக்கும், வாட்ஸ்அப்பில் சுருங்கியது 100, 200 கே.பி.தான். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் சேமிக்கப்படும் வாட்ஸ்அப் படத்தின் பெயரில் தேதிக்குப் பின் 'டபிள்யூ.ஏ.' என்ற எழுத்துகளும் எண்ணும் இருக்கும். அதைக் கண்டால் உடனே வீட்டாரிடம் அசல் படத்தைக் கேட்டுவிட வேண்டும். பெரும்பாலும் அது யாராவது ஒரு பேரப்பிள்ளையின் கைப்பேசியில் இருக்கும்.

அடுத்த தவறு போட்டோஷாப்பில் நடக்கிறது. 'இமேஜ் சைஸ்' பெட்டியில் 72 என்றிருப்பதை 300 என்று மாற்றிவிட்டால் படம் அச்சுக்குத் தயார் என்று நினைப்பவர்கள் ஏராளம். 'ரீசாம்பிள்' டிக் போட்டிருக்கும்போது அப்படிச் செய்தால், மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து இடையில் புதியவற்றை நிரப்புகிறது. எண் 300 ஆகும். சதுரங்களின் விளிம்பு மழுங்கும். இல்லாத இமை முடி வந்துவிடாது. அந்த டிக்கை எடுத்துவிட்டு 300 அடித்துப் பாருங்கள். அகலமும் உயரமும் தானாகக் குறையும். அந்தக் குறைந்த அளவுதான் அந்தப் படம் ஆர்ட் பேப்பரில் உண்மையில் தாங்கும் அளவு. இரண்டு அங்குலம் என்று காட்டினால் அதை அரைப்பக்கத்துக்கு இழுக்கக் கூடாது. லேஅவுட்டை (பக்க அமைப்பை) மாற்றி முகத்தைச் சிறிதாக வைப்பதே நியாயம்.

படம் நல்லதாக இருந்தும் லேஅவுட் மென்பொருளில் கெடுவது தனிக் கதை. அப்படிப்பட்ட பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். பழைய தமிழ் எழுத்துருக்களில் செய்து வைத்த ஃபைல்கள் இருப்பதால் பல அச்சகங்கள் அதை இன்னும் விடவில்லை. அதில் 256 கே.பி.க்கு மேற்பட்ட படத்தை 'பிளேஸ்' செய்யும்போது (பக்கத்தில் வைக்கும்போது), முழுப் படத்தையும் இந்த ஃபைலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு கேள்வி வரும். வேகத்தில் 'நோ' என்று அழுத்திவிடுகிறோம். அதில் தவறில்லை, ஆனால் அந்த நொடி முதல் பேஜ்மேக்கர் ஃபைலுக்குள் இருப்பது திரையில் காட்டுவதற்கான மட்டமான ஒரு நகல்தான். அசல் படம் வேறு ஃபோல்டரில் இருக்கிறது. பிளேட் போடும் இடத்துக்குப் பென் டிரைவில் லேஅவுட் ஃபைல் மட்டும் போனால், அங்கே அசலைத் தேடிக் கிடைக்காமல் அந்த நகலே அச்சாகும். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தாளில் மட்டும் முகம் கட்டம் கட்டமாக வரும். 'சேவ் ஆஸ்' செய்யும்போது அடியில் உள்ள 'காப்பி' பகுதியில், வேறிடத்தில் அச்சிடத் தேவையான ஃபைல்களையும் சேர்த்து நகலெடுக்கும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுத் தனி ஃபோல்டராகவே கொடுக்க வேண்டும். மற்ற லேஅவுட் மென்பொருள்களான இன்டிசைனில் இதே வேலைக்கு 'பேக்கேஜ்', கோரல் டிராவில் 'கலெக்ட் ஃபார் அவுட்புட்'. பிரிண்ட் கொடுக்கும் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். பேஜ்மேக்கரில் படத் தரவு 'நார்மல்' என்றும், இன்டிசைனில் 'கிராஃபிக்ஸ்' பக்கத்தில் 'சென்ட் டேட்டா' என்ற இடம் 'ஆல்' என்றும் இருக்க வேண்டும். புரூஃபை (சரிபார்க்கும் மாதிரி அச்சை) சீக்கிரம் எடுக்க யாரோ 'லோ ரெசல்யூஷன்' அல்லது 'பிராக்ஸி' என்று மாற்றியிருப்பார்கள். திருப்பி வைக்க மறந்திருப்பார்கள்.

இன்டிசைன் ஒரு வகையில் நல்ல துணை. 'லிங்க்ஸ்' பேனலில் படத்தின் பெயரைச் சொடுக்கினால் கீழே இரண்டு எண்கள் தெரியும்: 'ஆக்சுவல் பி.பி.ஐ.', 'எஃபெக்டிவ் பி.பி.ஐ.'. பி.பி.ஐ. என்பது அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு. முதலாவதை மறந்துவிடுங்கள். 300 என்று வந்த படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினால் எஃபெக்டிவ் 75தான்; அச்சாகப் போவதும் அதுதான். பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி இருந்தால் அசல் ஃபைல் காணவில்லை. மஞ்சள் முக்கோணம் இருந்தால் பிளேஸ் செய்த பிறகு யாரோ படத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இந்த இரண்டும் இருக்கும் நிலையில் பி.டி.எஃப். எடுக்கவே கூடாது. இதற்கு நேர்மாறான பயமும் உண்டு: படம் நல்லதாகவே இருக்கும், இன்டிசைன் திரையில் மட்டும் மங்கலாகக் காட்டும். 'வியூ' மெனுவில் 'டிஸ்ப்ளே பெர்ஃபார்மன்ஸ்' போய் 'ஹை குவாலிட்டி' வைத்தால் தெளிந்துவிடும்.

பத்திரிகை, நோட்டீஸ், பிளெக்ஸ் வேலையில் கோரல் டிராதான் கோலோச்சுகிறது. அதில் படத்தைத் தேர்ந்தெடுத்தவுடன் கீழே ஸ்டேட்டஸ் பாரில் நிறமுறையும் டி.பி.ஐ.யும் (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதும்) தெரியும். '96 பெருக்கல் 132' என்று இரண்டு வேறு எண்கள் தெரிந்தால், கட்டத்துக்குள் அடக்குவதற்காக யாரோ முகத்தை ஒரு பக்கமாக இழுத்திருக்கிறார்கள். தெளிவு மட்டுமல்ல, சாயலே மாறிவிடும். மெலிந்தவர் பருத்துத் தெரிவார். ஓரத்துக் கைப்பிடியைப் பிடித்து இழுக்காமல் மூலைக் கைப்பிடியைப் பிடித்து இழுக்க வேண்டும். நிழலும் டிரான்ஸ்பரன்சியும் போட்ட பொருள்களை 'கன்வெர்ட் டு பிட்மேப்' செய்யும்போது (பிக்சல் படமாக மாற்றும்போது) 72, 96 என்று விட்டுவிடாமல் 300 கொடுக்க வேண்டும்.

இணையப் பக்கத்திலிருந்தோ வேர்டு ஃபைலிலிருந்தோ படத்தைக் காப்பி செய்து லேஅவுட்டில் பேஸ்ட் செய்வதை அடியோடு விட்டுவிடலாம். கிளிப்போர்டு வழியாக வருவது பெரும்பாலும் திரைக்குப் போதுமான பிக்சல்களே. வேர்டு தன் பங்குக்குச் சேமிக்கும்போதே படங்களைச் சுருக்கக்கூடியது. 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' போய்ப் படங்களைச் சுருக்காதே என்ற கட்டத்தில் டிக் போட்டால்தான் நிற்கும். பள்ளி மலருக்குக் கட்டுரையும் படமும் ஒரே வேர்டு ஃபைலில் வரும்போது, படங்களைத் தனி ஃபைல்களாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

லோகோ, முத்திரை போன்றவை இ.பி.எஸ். என்ற ஃபைல் வகையில் வருவதுண்டு. போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழி தெரியாத சாதாரண பிரிண்டருக்கு லேஅவுட்டிலிருந்து நேரே பிரிண்ட் கொடுத்தால், அது இ.பி.எஸ்.ஸின் உள்ளே இருக்கும் முன்னோட்டப் படத்தை மட்டும் அச்சடித்துவிடும். வட்டம் பல்பல்லாக வரும். ஃபைலில் பழுதில்லை, பி.டி.எஃப். ஆக்கி அதிலிருந்து பிரிண்ட் எடுத்தால் சரியாகிவிடும். அந்த பி.டி.எஃப். எடுப்பதிலும் கவனம் தேவை. இன்டிசைனில் 'ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ்' கலர் படங்களை 100 பி.பி.ஐ.க்கு இறக்கிவிடும். வாட்ஸ்அப்பில் புரூஃப் அனுப்ப அது சரி; பிளேட்டுக்கு 'பிரஸ் குவாலிட்டி' அல்லது 'பி.டி.எஃப். எக்ஸ்-1ஏ' வேண்டும். புரூஃபுக்கு எடுத்த ஃபைலே பிளேட்டுக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டுக்கும் பெயரிலேயே வேறுபாடு வைப்பது நல்லது. சந்தேகம் வந்தால் அக்ரோபேட் புரோவில் 'அவுட்புட் பிரிவ்யூ' திறந்து 'ஆப்ஜெக்ட் இன்ஸ்பெக்டர்' மூலம் முகத்தின் மேல் சொடுக்குங்கள். அந்தப் படத்தின் ரெசல்யூஷன் எண் அப்படியே தெரியும். அங்கே சரியாக இருந்து தாளில் கெட்டால் மட்டுமே பிரஸ்ஸிடம் போகலாம்.

தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. விளம்பரம் முழுவதையும், எழுத்து உட்பட, போட்டோஷாப்பிலோ கைப்பேசிச் செயலியிலோ செய்து ஒரே ஜேபெக் படமாகத் தருகிறார்கள். அப்போது எழுத்தும் பிக்சலாகிவிடுகிறது. எழுத்துக்கும் கோட்டுப் படத்துக்கும் அங்குலத்துக்கு 1200 பிக்சல் இருந்தால்தான் விளிம்பு கூராக இருக்கும். புகைப்படத்துக்குப் போதுமான 200 எழுத்துக்குப் போதவே போதாது. ஜேபெக் சுருக்கத்தில் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தது போல் அழுக்கும் சேரும். முதலில் பலியாவது மெய்யெழுத்தின் புள்ளி. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக 7 பாயிண்டில் வைத்தால், மை பரவி அந்தப் புள்ளி அடைந்தே போகும். 'க்' என்பது 'க' ஆகும், பெயரே பிழையாகும். பின்னணி நான்கு நிறங்களில் இருந்தால், ரெஜிஸ்டர் தலைமுடி அளவு விலகினாலும் போதும், புள்ளி காணாமல் போய்விடும். எழுத்தை லேஅவுட்டில் எழுத்தாகவே வைக்க வேண்டும். எழுத்துரு பிரச்சினை வருமென்றால் 'கர்வ்ஸ்' ஆக (கோட்டு உருவமாக) மாற்றலாம். படமாக மாற்றக் கூடாது. வெள்ளை எழுத்து வேண்டுமானால் 10 பாயிண்டுக்குக் குறையாமல், தடித்த எழுத்தில் வையுங்கள்.

கறுப்பு எழுத்தின் நிறத்தையும் பார்க்க வேண்டும். திரையின் நிறமுறையான ஆர்.ஜி.பி.யில் கறுப்பாக அடித்துவிட்டு, அச்சின் நான்கு மை முறையான சி.எம்.ஒய்.கே.க்கு மாற்றினால், போட்டோஷாப் தன் வழக்கமான அமெரிக்க ஆஃப்செட் அமைப்பில் அதைச் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று பிரிக்கிறது. கூட்டினால் 300 விழுக்காடு மை. நியூஸ்பிரிண்ட் 240க்கு மேல் தாங்காது. மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும், எழுத்தைச் சுற்றி நிற நிழல் விழும். எழுத்துக்குக் கறுப்பு 100, மற்ற மூன்றும் பூஜ்யம் என்று வைக்க வேண்டும்.

இனி கறுத்துப்போகும் முகங்கள். நியூஸ்பிரிண்ட் உறிஞ்சும் தாள். பிளேட்டில் 50 விழுக்காடாக இருக்கும் புள்ளி, மை பரவித் தாளில் 75 விழுக்காட்டுக்கு நெருக்கமாக விழுகிறது. நம் ஊர் முகங்களின் நிறம் பெரும்பாலும் அந்த நடு டோனில்தான் இருக்கிறது. ஆகவே திரையில் அழகாகத் தெரிந்த மாநிற முகம் தாளில் கறுப்பாகி, கண்ணும் வாயும் அதற்குள் மூழ்கிப்போகின்றன. இதற்கு முகத்தை வெளுக்கச் செய்யத் தேவையில்லை. அவர் நிறம் அவருடையது. தாளில் அதே நிறம் வரும்படி முன்கூட்டியே ஈடு கொடுக்க வேண்டும். நியூஸ்பேப்பருக்கான கலர் புரொஃபைல் (தாளுக்கும் மைக்கும் ஏற்ற நிறக் கணக்கு) இருக்கிறது, 'ஐ.எஸ்.ஓ. நியூஸ்பேப்பர் 26' என்ற பெயரில் தேடலாம். படத்தை அதற்கு 'கன்வெர்ட் டு புரொஃபைல்' செய்தால் டோனும் மை வரம்பும் தாமே சரியாகும். கறுப்பு வெள்ளைப் படமென்றால் போட்டோஷாப்பில் டோனைத் திருத்தும் 'கர்வ்ஸ்' பெட்டியைத் திறந்து 50 இருக்கும் இடத்தை 38 அளவுக்கு இறக்குங்கள். நெற்றியின் பளபளப்பில் 3 முதல் 5 விழுக்காடு புள்ளியாவது இருக்கட்டும்; அடர்ந்த தலைமுடியிலும் 90ஐத் தாண்ட வேண்டாம். கடைசியாக, விளிம்புகளைக் கூர்மையாக்கும் 'அன்ஷார்ப் மாஸ்க்': 150 விழுக்காடு, ரேடியஸ் 1, திரெஷோல்டு 3. திரையில் சற்று மிகையாகத் தெரியும். தாளில் சரியாக இறங்கும்.

அலுவலக லேசர் பிரிண்டரில் புரூஃப் எடுத்துப் படத்தைக் குறை சொல்பவர்களுக்கும் ஒன்று. 600 டி.பி.ஐ. பிரிண்டரில் 150 வரி ஸ்கிரீன் வைத்தால் ஒரு புள்ளிக்கு 4க்கு 4 கட்டம்தான் கிடைக்கும். அதாவது 17 சாம்பல் நிலைகள். கன்னம் வரைபடம் போல் அடுக்கடுக்காகப் பிளக்கும். அதே பிரிண்டரில் 85 வரி வைத்தால் 50 நிலைகள் கிடைக்கும். பிளேட் எடுக்கும் கருவியான 2400 டி.பி.ஐ. பிளேட் செட்டரில் 150 வரிக்கு 257. ஆகவே லேசர் புரூஃபில் எழுத்துப்பிழை பார்க்கலாம்; முகத்தின் டோனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. டோனர் சிக்கன முறை, இங்க்ஜெட்டில் 'டிராஃப்ட்', போட்டோ பேப்பர் வைத்துவிட்டு அமைப்பில் 'பிளெயின் பேப்பர்' என்று விடுவது ஆகியவற்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஹெட் அடைப்புக்கு 'நாஸில் செக்' என்ற சோதனைத் தாள் ஒன்று எடுத்தால் தெரிந்துவிடும்.

பழைய ஸ்டூடியோ படத்திலிருந்து முகம் எடுக்க வேண்டியிருந்தால், சட்டத்துக்குள் கண்ணாடியோடு வைத்துக் கைப்பேசியில் எடுக்காதீர்கள். கழற்றி ஸ்கேன் செய்யுங்கள். ஒரு அங்குலப் படத்தை நான்கு அங்குலமாக ஆர்ட் பேப்பரில் போட வேண்டுமென்றால் 1200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் தேவை. பெரிதாக்கும் மடங்கை 300ஆல் பெருக்கினால் போதும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்து, போட்டோஷாப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற சேனல்களைத் தனித்தனியே பாருங்கள். பழுப்புக் கறை நீலச் சேனலில் அசிங்கமாகவும் சிவப்புச் சேனலில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும். சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டால் கறை நீக்கும் டச்சிங் வேலையில் பாதி மிச்சம். சொரசொரப்பான சில்க் தாளில் பிரிண்ட் போட்ட கலர் படமென்றால், ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகத் திருப்பியும் ஸ்கேன் செய்து, இரண்டாவதை நேராக்கி, முதலாவதன் மேல் 50 விழுக்காடு ஒபாசிட்டியில் (பாதி ஊடுருவித் தெரியும்படி) பொருத்துங்கள். சொரசொரப்பின் நிழல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஏற்கெனவே பத்திரிகையில் அச்சான படம் மட்டுமே கையில் இருந்தால், பின்னால் கறுப்புத் தாள் வைத்து 600இல் ஸ்கேன் செய்து, பழைய அச்சுப் புள்ளிகளைக் கரைக்கும் ஸ்கேனரின் 'டிஸ்கிரீன்' தேர்வைப் போட்டு, பிறகு பாதியாகச் சுருக்குங்கள். அப்படிச் செய்யாவிட்டால் பழைய புள்ளியும் புதிய புள்ளியும் மோதிப் பட்டுச்சேலை போல் அலையலையாக மின்னும்.

இப்போது புதிதாக ஒரு வழக்கம் வந்திருக்கிறது. மங்கலான முகத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்து ஒரு நொடியில் தெளிவாக்கி வாங்குகிறார்கள். பல்லும் இமையும் கூர்மையாக வருகின்றன. ஆனால் அவை அவருடையவை அல்ல. 75 பிக்சலில் இல்லாத விவரத்தைச் செயலி வேறு முகங்களிலிருந்து கற்றதை வைத்து நிரப்புகிறது. மச்சம் மறையும், தொங்கிய இமை நிமிரும், மூக்குத்தி ஒரு புள்ளியாகக் கரையும். நினைவு நாள் விளம்பரத்தில் வேறு யாரோ ஒருவர் முகம் வருவதைவிட, சற்று மங்கலாக, சிறிதாக, அவர் முகமே வருவது எவ்வளவோ மேல். வீட்டாரிடம் காட்டி ஒப்புதல் வாங்காமல் இப்படிப்பட்ட படத்தை யாரும் அச்சுக்கு அனுப்ப வேண்டாம் என்று எங்கள் தொழிலில் உள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் விளம்பரப் பிரிவிடம் எங்கள் கோரிக்கைகள் இரண்டு. படம் வந்தவுடன் முகத்தின் அகலத்தில் எத்தனை பிக்சல் என்று எண்ணி, 200க்குக் குறைந்தால் அப்போதே வீட்டாரைக் கூப்பிட்டு அசலைக் கேட்க வேண்டும்; அது கிடைக்காதபட்சத்தில் முகத்தின் அளவைக் குறைத்து வைக்கலாமா என்று கேட்க வேண்டும். துக்க வீட்டில் கேட்கத் தயங்குவார்கள் என்பது தெரியும். ஆனால் மறுநாள் காலையில் கலங்கிய முகத்தைப் பார்ப்பது அதைவிட வேதனை. இரண்டாவது, அஞ்சலி விளம்பரங்களின் அடியில் தினமும் இந்த வரிகளைப் போட வேண்டும்:

"படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பவும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். குழுப்படம் என்றால் வெட்டாமல் முழுப் படத்தையும் அனுப்பி, யாருடைய முகம் என்று குறிப்பிடவும். எழுத்துகளைப் படத்தில் சேர்க்காமல் தனியாக அனுப்பவும்."

ஒற்றைப் பத்தியில் மூன்று செ.மீ. உயரத்துக்குள் இது அடங்கிவிடும்.

இப்படிக்கு,
டி.டி.பி., பிளேட் தயாரிப்புத் தொழிலாளர்கள்,
மதுரை.